ஐரோப்பிய ஒன்றியம் போன்ற, நாடுகளுக்கு மேலான அமைப்புகளை மக்கள் நேரடியாகக் கட்டுப்படுத்த முடியுமா?

இன்றைய ஏற்பாட்டில் முடியாது. ஆனால் அது இயல்பாகவே நடக்காத காரியம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது வீட்டுக்குள் இருக்கிற கேள்வி. என் தாத்தாவின் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார், தாத்தா கொடுக்கவில்லை. அதனால் நாங்கள் டெல்லிக்கு வாக்களிக்கிறோம், அந்த வீட்டார் பிரெஞ்சு அதிபருக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கிறார்கள்.

2005 மே 29 அன்று, ஐரோப்பிய அரசியல் சாசனம் வேண்டுமா என்று பிரான்ஸ் தன் மக்களிடம் கேட்டது. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கும் வாக்கு உண்டு. அந்தச் சாசன உடன்படிக்கையின் முழு வாசகத்தையும் வாக்காளர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். ஏறத்தாழ 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். மூன்று நாள் கழித்து நெதர்லாந்தில் 61 சதவீதத்துக்கும் மேல் வேண்டாம். சரி, அத்தோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? 2007 டிசம்பரில் அதன் பெரும்பகுதி லிஸ்பன் உடன்படிக்கை என்ற பெயரில் கையெழுத்தானது. 2008 பிப்ரவரியில் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. மக்களிடம் மறுபடி யாரும் கேட்கவில்லை.

அயர்லாந்தில் மட்டும் அரசியல் சாசனப்படி மக்களிடம் போக வேண்டியிருந்தது. 2008 ஜூனில் மறுத்தார்கள், 2009 அக்டோபரில் ஏற்றார்கள். விடை பிடிக்காததால் திரும்பக் கேட்டார்கள் என்று கோபப்படுவோர் உண்டு; எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் இடைப்பட்ட காலத்தில் வரி, ராணுவ நடுநிலை ஆகியவற்றில் அயர்லாந்து எழுத்துப்பூர்வ உறுதிமொழி வாங்கியது. மறுக்கும் உரிமை இருந்ததால்தான் பேரம் பேச முடிந்தது. பிரெஞ்சு மக்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 1979 முதல் மக்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் சட்ட முன்வரைவைக் கொண்டுவரும் உரிமை, மிகச் சில விஷயங்களைத் தவிர, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடம்தான் இருக்கிறது. ஒரு சட்டம் வேண்டுமென்று நாடாளுமன்றம் ஆணையத்திடம் கேட்கலாம், அவ்வளவுதான். 2012 முதல் குடிமக்கள் முன்முயற்சி என்று ஒரு வழி திறந்திருக்கிறது: குறைந்தது 7 நாடுகளிலிருந்து 10 லட்சம் கையெழுத்து திரட்ட வேண்டும். தண்ணீர் மனித உரிமை என்று கேட்டவர்கள் 16 லட்சத்துக்கும் மேல் திரட்டினார்கள். அந்தக் கோரிக்கையின் ஒரு பகுதி 2020-ல் திருத்தப்பட்ட குடிநீர்ச் சட்டத்தில் இடம்பெற்றது. நல்லதுதான். இருந்தாலும் ஆணையத்தின் கடமை பதில் சொல்வது மட்டுமே. எந்தக் கோரிக்கையையும் காரணம் சொல்லி ஒதுக்கிவிடலாம்.

சுவிட்சர்லாந்தில் 18 மாதத்தில் 1 லட்சம் கையெழுத்து சேர்ந்து அது செல்லும் என்றாகிவிட்டால், அரசியல் சாசனத் திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டே ஆக வேண்டும். நாடுகளுக்கு மேலான அமைப்பில் சேருவதென்றாலும் மக்களும் மாநிலங்களும் பெரும்பான்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சந்தையில் பங்கேற்க வழிசெய்யும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர 1992-ல் 50.3 சதவீதம் பேர் மறுத்தார்கள், அரசு பணிந்தது. அதே மக்கள் 2002-ல் ஐ.நா. சபையில் சேரச் சம்மதித்தார்கள். கேட்டால் எல்லாவற்றுக்கும் மறுப்பார்கள் என்ற பயத்துக்கு இது பதில். ஆனால் அங்கே 1959-ல் பெண்களுக்கு வாக்குரிமை தர மறுத்ததும் ஆண்களின் நேரடி வாக்குதான். 1971 வரை பெண்கள் காத்திருந்தார்கள். அடிப்படை உரிமைகளைப் பெரும்பான்மையின் கையில் விடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நம் ஊர்க் கதையையும் சொல்ல வேண்டும். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தவர்கள் 178 மக்கள் பிரதிநிதிகள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. பொதுமக்கள் வாக்களிக்கவில்லை. வங்காளத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் 1949-ல் மக்களே நேரடியாக வாக்களித்திருந்தார்கள். இணைப்பு சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குடியுரிமை நிபந்தனைகளை முடிவு செய்த 1956 உடன்படிக்கை டெல்லிக்கும் பாரிசுக்கும் இடையே எழுதப்பட்டது. அது 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க 6 மாத அவகாசம்தான் இருந்தது. எங்கள் குடும்பம் இரண்டானது அப்போதுதான்.

இன்று கடலூர் கடற்கரையைப் பாருங்கள். மீன்பிடி மானியங்கள் குறித்து உலக வர்த்தக அமைப்பு 2022-ல் ஜெனீவாவில் ஓர் உடன்பாடு செய்தது. சட்டவிரோத மீன்பிடிப்புக்கும், ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன்வளங்களைப் பிடிப்பதற்கும் மானியம் கூடாது என்கிறது அது. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். தாழங்குடா மீனவர் அதில் கருத்துச் சொல்ல எந்தக் கதவு திறந்திருக்கிறது? குடிநீர், சாலை பற்றிக் கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஜெனீவாவில் பேசப்படுவதைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டிய சட்டக் கட்டாயம் யாருக்கும் இல்லை. இந்தியாவில் ஒன்றிய அரசு கையெழுத்திடும் உடன்படிக்கைக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல்கூடத் தேவையில்லை.

நம்மைப் பொறுத்தவரை முதல் வேலை இதுதான்: எந்த உடன்படிக்கையும் கையெழுத்தாகும் முன்னால் நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும், பாதிக்கப்படும் மாநிலங்களின் சட்டமன்றங்களில் விவாதம் நடக்க வேண்டும். அப்புறம் மக்கள் வாக்கெடுப்பு பற்றிப் பேசலாம். அரசியல் சாசனத்தின் ஒன்றியப் பட்டியலில் 14-வது இனமாக உடன்படிக்கைகள் இருக்கின்றன. அதன்படி, இந்த நடைமுறையை நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் மூலமாகவே கொண்டுவரலாம்.