மைத்துனர் பெயரைப் பாலிசியில் சேர்க்காததா பிரச்சினை?

கேள்வி: கார் என் பெயரில் இருக்கிறது, பேக்கேஜ் பாலிசியும் நடப்பில் இருந்தது. போன வருடம் என் மைத்துனர் அவசரம் என்று காரைக் கேட்டு வாங்கிப் போய் ஒரு பைக்கில் இடித்துவிட்டார். பைக்கில் வந்தவருக்குக் கால் முறிவு. மைத்துனரின் லைசென்ஸ் 4 மாதம் முன்பே காலாவதியாகியிருந்தது எனக்குத் தெரியாது. இப்போது இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து எனக்கு நோட்டீஸ். குடும்பத்தார் பெயரைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லாமல் ஏஜென்ட் ஏமாற்றிவிட்டார். உதவி செய்யப் போய் மாமனார் வீட்டிலும் கெட்ட பெயர். ஏஜென்ட் மேல் வழக்குப் போடலாமா? நானே ஓட்டியதாகச் சொல்லிவிடலாமா?

பதில்: ஏஜென்டை விடுங்கள். மாமனார் வீட்டுக் கதையையும் தீர்ப்பாயம் கேட்காது. இந்தியாவில் கார் பாலிசி வண்டிக்குத்தான். ஓட்டுபவர்களின் பெயர்ப் பட்டியல் எதுவும் அதில் கிடையாது. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள எவரும் ஓட்டலாம் என்று பாலிசியிலேயே அச்சிட்டிருக்கும். பெயர் சேர்ப்பதெல்லாம் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு. அதில் 15 லட்ச ரூபாய் கவர் உரிமையாளருக்கு மட்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் வேண்டுமென்றால் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். உங்கள் வழக்குக்கு அது சம்பந்தமில்லை.

விபத்தன்று லைசென்ஸ் உயிரோடு இல்லை. விஷயம் அவ்வளவுதான். காலாவதிக்குப் பின் 30 நாள் செல்லும் என்ற பழைய சலுகையை 2019 திருத்தம் எடுத்துவிட்டது. உங்களுக்கோ 4 மாதம். தெரியாது என்பதும் பெரிதாக உதவாது. லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்க்கும் பொறுப்பு உரிமையாளருக்கு உண்டு என்று பேலி ராம் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது சம்பள டிரைவர் விஷயம் என்று உங்கள் வக்கீல் வாதாடிப் பார்க்கலாம். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

நானே ஓட்டினேன் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் புலனாய்வாளர் என்று மூன்று இடத்தில் அது உடையும். உடைந்தால் பணப் பிரச்சினை பொய் சாட்சி வழக்காகிவிடும்.

நான் அதிகம் பார்த்த வீழ்ச்சி வேறு. 'இன்சூரன்ஸ் இருக்கிறதே, கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்று நோட்டீஸைப் பீரோவில் வைத்துவிடுவார்கள். உரிமையாளர் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஆஜராகாதவர் என்று வழக்கு நடக்கும். கம்பெனி மட்டும் ஆஜராகி, ஆர்.டி.ஓ. அலுவலக ஊழியரைக் கூண்டிலேற்றி, லைசென்ஸ் இல்லை என்று நிரூபித்துவிடும். தீர்ப்பு 'பே அண்ட் ரெக்கவர்' என்று வரும்: அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுக்கும், பிறகு உங்களிடம் வசூலிக்கும். கம்பெனி பணம் கட்டிவிட்டது என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்த ஒரு கட்சிக்காரர், வீட்டு ஜப்திக்கு அமீனா வந்தபோதுதான் என்னிடம் ஓடிவந்தார். வசூலுக்குத் தனி வழக்கே வேண்டாம், அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போதும். வட்டி வேறு, பெரும்பாலும் மனு போட்ட நாளிலிருந்தே ஓடியிருக்கும்.

அதனால் முதலில் வக்காலத்து போடுங்கள். அப்புறம், கூச்சப்படாமல் சமரசம் பேசுங்கள். ஜெயிக்கும் வழக்கு இல்லை இது. ஆனால் பைக்கில் வந்தவர் வீட்டுக்குப் போய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிப் பணம் கொடுக்காதீர்கள். வாங்கியவர் மனுவைத் தொடர்ந்து நடத்தினால் இரண்டாம் முறையும் கொடுப்பீர்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) மூன்று தரப்பும் உட்கார்ந்து பதிவாக வேண்டும். நீங்களும் மைத்துனரும் ஒரு பங்கு போடத் தயார் என்றால் மீதிக்குக் கம்பெனி இறங்கி வர வாய்ப்புண்டு. கையெழுத்திடும் முன், கம்பெனியின் சமரச மெமோவில் 'உரிமையாளரிடம் வசூலிக்கும் உரிமைக்கு உட்பட்டு' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை அடிக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.