இரண்டு மாதத்துக்குள் நாலு விழா, ஓடுவது அதே ஆறு அம்மாமார்

வாசகி கேள்வி: நிலாவெளிப் பக்கம் ஒரு சிறிய ஆரம்பப் பாடசாலையில் என் மகள் தரம் 3 படிக்கிறாள். மொத்தம் 62 பிள்ளைகள், 7 ஆசிரியர்கள். இந்த வருசம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் என்னையும் போட்டுவிட்டார்கள். பிள்ளைகளே கடை போட்டு விற்கும் சிறுவர் சந்தை, சிறுவர் தினம், ஆசிரியர் தினம், வாணி விழா எல்லாம் செப்டெம்பர், ஒக்டோபரில் அடுத்தடுத்து வருகின்றன. எதற்கும் ஓடுவது அதே ஆறு அம்மாமார்தான். போன வருசச் சந்தைக்கு விருந்தினர் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தார். பிள்ளைகள் வெயிலில் வாடிப்போனார்கள். விற்றது முழுக்கப் பெரியவர்கள். பாதிச் சாப்பாடு பழுதாய்ப் போனது. கொண்டுவர ஒன்றுமில்லாத பிள்ளைகள் சிலர் அன்று பள்ளிக்கூடமே வரவில்லை. இந்த முறை எப்படி ஒழுங்கு செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் எல்லாவற்றிலும் பாரமானது கடைசியாக எழுதிய விசயம். பாடசாலை நிகழ்ச்சிக்குப் பயந்து ஒரு பிள்ளை வீட்டில் நிற்கிறது என்றால் முதலில் திருத்த வேண்டியது அதைத்தான். பந்தலும் விருந்தினரும் பிறகு. சந்தையன்று 62 பிள்ளைகளும் வர வேண்டும் என்பதை முதலாவது நோக்கமாகக் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். மற்ற முடிவுகளை அதற்கேற்ப எடுக்கலாம்.

அடுத்தது, நாலு விழாவையும் ஒரே அளவில் நடத்த இவ்வளவு சிறிய பாடசாலையால் முடியாது, தேவையுமில்லை. சங்கத்தின் முழுப் பலத்தையும் சிறுவர் சந்தையில் போடுங்கள். ஒக்டோபர் 1 சிறுவர் தினத்தை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு மணித்தியால விளையாட்டும் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்காக ஆடிப் பாடும் ஒரு நிகழ்ச்சியும் போதும், பரிசுப் பொதி வேண்டாம். ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்குக் காசு சேர்க்கவே வேண்டாம். பிள்ளைகள் கையால் செய்த வாழ்த்து அட்டையோடு, வகுப்புக்கு இரண்டு பெற்றார் வீதம் ஒரு மணித்தியாலம் கதை சொல்லிப் பிள்ளைகளை வைத்திருந்தால் ஆசிரியர்கள் ஒன்றாக இருந்து சாப்பிடலாம். ஓர் ஆசிரியர் மட்டும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

வாணி விழாவில் செலவு ஏறுவது வகுப்புகளின் போட்டியால். முதல் நாள் ஒரு வகுப்பு அவலும் கடலையும் படைக்கும், மறுநாள் அடுத்த வகுப்பு வடை சேர்க்கும், கடைசி நாளில் கேக் வந்து நிற்கும். நவராத்திரியின் ஒன்பது நாளில் சனி, ஞாயிறு போனால் ஐந்து முதல் ஏழு பாடசாலை நாட்கள்தான். ஐந்து வகுப்புக்கு ஐந்து நாள், மிச்சம் இருந்தால் ஆசிரியர்களுக்கும் சங்கத்துக்கும். எல்லா நாளும் ஒரு சுண்டல், ஒரு பழம் என்று அதிபர் கையெழுத்தோடு கடிதம் போகட்டும். அம்மாமார் ஆளுக்காள் சொன்னால் மனத்தாங்கல் வரும், அதிபரின் கடிதமாக வந்தால் வராது.

இனிச் சந்தை. ஒக்டோபர் நடுவுக்குப் பிறகு மழை எப்போதும் வரலாம் என்பதால் எதையும் வெளியில் வைக்க முடியாது. செப்டெம்பர் நடுப்பகுதி நல்லது. புலமைப்பரிசில் பரீட்சைத் திகதி வருசத்துக்கு வருசம் மாறுவதால், அதைப் பார்த்து இடையில் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். செவ்வாய் அல்லது புதன் வசதி. வெள்ளியில் வைத்தால் துப்புரவு வேலை இழுபட்டு ஜும்ஆவுக்குப் போகிறவர்களுக்குச் சிரமம், விரதக்காரரும் சாப்பாட்டுக் கடைப் பக்கம் வரமாட்டார்கள். நேரம் காலை 8.30 முதல் 10.30 வரை. அதற்கு மேல் வெயில் ஏறும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் பலக்கும். நடு முற்றத்தில் தறப்பாள் கட்டினால் அந்தக் காற்று பாய் மாதிரித் தூக்கிவிடும். கட்டட விறாந்தையையும் வேப்பமர நிழலையுமே பயன்படுத்துங்கள். கட்டத்தான் வேண்டுமென்றால் மேற்குப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்ட வேண்டும்.

விருந்தினரை அழைப்பதில் பிழையில்லை. ஆனால் 8.30க்குத் தரம் 1 பிள்ளை ஒன்று நாடாவை வெட்டித் திறந்துவிட வேண்டும். அழைப்பிதழிலேயே அப்படி அச்சிட்டுவிட்டால் பிந்தி வருகிறவருக்கும் சங்கடமில்லை, அவர் வந்து இரண்டு கடையில் வாங்கிவிட்டுப் போகலாம்.

கடை போடுவதைத் தனித்தனிப் பிள்ளையிடம் விட்டதால்தான் சிலர் வராமல் போனார்கள். குழுவாக்குங்கள். தரம் 3, 4, 5இல் 38 பிள்ளைகள் இருந்தால் பத்துக் கடை: எட்டில் நாலு பேர், இரண்டில் மூன்று பேர். குழுவை ஆசிரியர் பிரிக்க வேண்டும், மூன்று வகுப்பும் கலந்து, வீட்டு வசதியும் கலந்து. கொண்டுவரும் பொருள் எல்லாம் கடையின் பொதுப் பொருள். யார் என்ன கொண்டுவந்தது என்று அறிவிப்பதில்லை, பெயர் ஒட்டுவதில்லை. முருங்கைக் கீரை ஒரு பிடி கொண்டுவந்த பிள்ளையும் வாழைக்குலை கொண்டுவந்த பிள்ளையும் ஒரே மேசைக்குப் பின்னால் நிற்கும். ஒன்றும் கொண்டுவர முடியாத பிள்ளைக்கு விலைப்பலகை எழுதும் பொறுப்பு. நாலு பேரில் இருவர் விற்க, இருவர் வாங்கப் போவார்கள், அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மணியடித்து மாற்றுங்கள். தரம் 1, 2 பிள்ளைகள் வாங்குகிறவர்கள் மட்டுமே. முதல் அரை மணித்தியாலம் அவர்களுக்குத்தான், பெற்றாருக்கு 9 மணிக்குத்தான் வாசல் திறக்கும். இல்லாவிட்டால் பெரியவர்கள் முதல் பத்து நிமிடத்தில் நல்லதையெல்லாம் அள்ளிவிடுவார்கள்.

கையில் காசில்லாத பிள்ளைக்கும் வழி வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சங்கம் ஓர் உறையில் 100 ரூபா கொடுக்கட்டும், 62 பேருக்கு 6,200. வீட்டிலிருந்து இன்னும் 100 ரூபாவுக்கு மேல் கொடுத்துவிட வேண்டாம் என்று கடிதத்தில் எழுதுங்கள். அந்த 6,200 பிள்ளைகள் செலவழிக்கச் செலவழிக்கக் கடைப் பெட்டிகள் வழியாகச் சங்கத்துக்கே திரும்பி வரும்.

பெரும்பாலான சிறுவர் சந்தைகள் குழம்புவது சில்லறையால். கடைக்கு 300 ரூபா சில்லறை வையுங்கள்: பத்து ரூபாக் குற்றி பத்து, இருபது ரூபா பத்து. பத்துக் கடைக்கு 3,000. எல்லா விலையும் 20, 30, 50 என்றே இருக்கட்டும். 25, 35 வந்தால் சின்னக் கைகள் தடுமாறும். முதலாவது மாமா 500 ரூபாத் தாளை நீட்டினாலே அந்தக் கடையின் சில்லறை முடிந்துவிடும். அதனால் வாசலில் ஒரு மாற்று மேசை. அங்கே 5,000 ரூபாவுக்கு 20, 50, 100 தாள்களோடு ஒரு பெற்றாரும் ஓர் ஆசிரியரும் இருந்து பெரிய தாள்களை மாற்றிக் கொடுப்பார்கள். கடையில் 100க்கு மேற்பட்ட தாள் வாங்குவதில்லை. எல்லாம் சேர்த்து முன்கூட்டி 14,200 ரூபா கையில் வேண்டும். சங்கத் தலைவரான அதிபரின் சம்மதத்தோடு இரண்டு நாளுக்கு முன்பே வங்கியில் மாற்றி வையுங்கள்.

மிச்சக் காசு கொடுப்பதைச் சந்தைக்கு முந்திய வாரமே வகுப்பில் பழக்க வேண்டும். கழித்தல் கணக்காகச் சொல்லிக் கொடுத்தால் பதற்றத்தில் மறந்துவிடும், மேலே எண்ணிக் கொடுக்கப் பழக்குங்கள். 30 ரூபாச் சாமானுக்கு 100 தந்தால், பிள்ளை சாமானைக் காட்டி “முப்பது” என்று தொடங்கும். பத்து ரூபாக் குற்றியை வைத்து “நாற்பது”, ஒவ்வோர் இருபதாக வைத்து “அறுபது, எண்பது, நூறு.” வாங்கின 100 ரூபாத் தாள் அதுவரைக்கும் மேசையில் கண்ணுக்குத் தெரிய இருக்க வேண்டும், பிறகுதான் பெட்டிக்குள். “நான் 100 தந்தேன், 50 இல்லை” என்ற வாக்குவாதம் அதோடு வராது.

சாப்பாடு மிஞ்சியதற்குக் காரணம் எல்லாரும் சமைத்தது. 62 பிள்ளைகள், பெற்றார் ஓர் அறுபது பேர், ஆசிரியர்கள் என்று 130 பேரைக் கணக்கு வையுங்கள். ஆளுக்கு இரண்டு பங்கு என்றால் 260. சமைத்த சாப்பாட்டுக் கடை நாலு மட்டும், ஒவ்வொன்றும் 65 முதல் 70 பங்கு. ஒரு கடை குடிபானம். மிச்ச ஐந்தும் கீரை மரக்கறி, பழம், கன்றுகள், கைவேலை, வாசித்து முடித்த கதைப் புத்தகம்.

பொருளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் இந்த வெயிலில் நிற்காது, பாற்சோறும் பாயாசமும் வேண்டாம். அவித்த கடலை, கௌபி, பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை, அந்த நேரம் கிடைக்கும் பனங்காயில் செய்த பணியாரம் எல்லாம் தாங்கும். கச்சானோ (நிலக்கடலை) எள்ளோ சேர்ந்திருந்தால் விலைப்பலகையில் பெரிதாக எழுத வேண்டும், சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு கிலோ காய்ந்த கடலை இரவில் ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும், சுருளுக்கு 75 கிராம் என்றால் 27, 28 சுருள். ஆகவே 70 சுருளுக்கு இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். சுருளைப் பத்திரிகைத் தாளில் செய்யாதீர்கள், மை சாப்பாட்டில் ஒட்டும். எழுதாத வெள்ளைக் கடதாசி அல்லது வாட்டின வாழையிலை.

தேசிக்காய்த் தண்ணீருக்கு 20 லீற்றர் போதும், 150 மில்லிலீற்றர் கோப்பையில் 130 பேருக்கு வரும். அறுபது எழுபது தேசிக்காய், ஒன்றரை முதல் இரண்டு கிலோ சீனி, கொதித்தாறிய தண்ணீர். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கடற்கரைப் பக்கம் மீனுக்கு விற்கும் ஐஸ் கட்டியைக் குடிபானத்துக்குள் போடக் கூடாது. அது குடிப்பதற்கென்று செய்ததல்ல. பெரிய வாளியில் அந்த ஐஸைக் கொட்டி, மூடியோடு உள்ள பானப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி வைத்தால் வெளியிலிருந்தே குளிரும். கோப்பையைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும்.

கீரை 9 மணிக்கே தலை தொங்கும். வேரோடு பிடுங்கி வாளித் தண்ணீரில் நிறுத்தி, மேலே நனைந்த சாக்குப் போட்டால் சந்தை முடியும்வரை நிற்கும்.

சந்தை முடிந்ததும் பெட்டியைப் பெரியவர்கள் எண்ணிவிட்டால் பாடத்தின் பாதி போய்விடும். இடைவேளைக்குப் பிறகு குழுக்குழுவாக வகுப்பில் இருந்து எண்ணட்டும். கடலைக் கடைப் பெட்டியில் 2,280 ரூபா என்று வையுங்கள். சில்லறை 300ஐ எடுத்தால் 1,980. சுருள் 30 ரூபா, அப்படியென்றால் 66 சுருள் விற்றிருக்கிறது. செய்தது 70. சட்டியில் நாலு சுருள் கிடந்தால் கணக்குச் சரி. ஆறு கிடந்தால் பெட்டியில் 60 ரூபா கூட இருக்கிறது, யாருக்கோ மிச்சக் காசு குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தரம் 5 பிள்ளை ஒன்று அதைத் தானே கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள். பற்றுச்சீட்டு உள்ள மூலப்பொருள் செலவைத் திருப்பிக் கொடுத்து, மீதி சங்கக் கணக்குக்கு. ஒரு வாரத்துக்குள் வரவு, செலவு, மீதி மூன்றையும் ஒரே தாளில் எழுதி இருவர் கையெழுத்தோடு அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். காசு விசயத்தில் இப்படித் திறந்து நடந்தால் அடுத்த முறை ஆளும் சேரும்.

அதே ஆறு பேர் ஓடுவதற்கு மற்றவர்களின் அக்கறையீனம் மட்டும் காரணமல்ல. “எல்லாரும் வந்து உதவுங்கள்” என்ற அழைப்புக்கு யாரும் வருவதில்லை, தனக்கு என்ன வேலை என்று தெரியாது. வேலையை இரண்டு மணித்தியாலத் துண்டாக வெட்டி, ஆளின் பெயர் சொல்லிக் கேளுங்கள். “நீங்கள் திங்கள் பின்னேரம் 4.30க்கு வந்து தறப்பாள் கட்டித் தருவீர்களா அண்ணா?” என்றால் கடற்தொழிலுக்குப் போகிறவரும் தன் நேரத்தைப் பார்த்து ஆம், இல்லை சொல்லுவார். கயிறு கட்டுவதில் அவரைவிடக் கைதேர்ந்தவர் யார்? அம்மம்மா, அப்பம்மாமாரைத் தரம் 1 பிள்ளைகளோடு கைபிடித்துக் கடைகளைச் சுற்றக் கேளுங்கள். அவர்களை இதுவரை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். வட்ஸ்அப் குழுவை மட்டும் நம்ப வேண்டாம். கிழித்துத் திருப்பி அனுப்பும் துண்டோடு ஒரு கடிதம் பிள்ளையின் புத்தகப் பையில் போகட்டும்.

சந்தைக்கு முந்திய சனிக்கிழமை சிரமதானத்தையும் அதோடு சேர்த்துவிடலாம், மழைக்கு முன் எப்படியும் செய்ய வேண்டியது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பது நம் மாவட்டத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கும். கூரைப் பீலி, உடைந்த கதிரைக் குழாய், சிரட்டை, யோகட் கோப்பை எல்லாம் பார்க்க வேண்டும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. நுளம்பு முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டியிருந்து, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மழை பட்டதும் பொரிக்கும். தும்பால் உரஞ்சிக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால், மழைக்காலம் முழுக்க வெள்ளிதோறும் பத்து நிமிடம் சுற்றிப் பார்க்க இரண்டு பெற்றாரை முறை வைத்துப் போடுங்கள். சந்தையில் பிளாஸ்டிக் கோப்பையும் லஞ்ச் சீற்றும் வேண்டாம் என்பதற்கும் இதுதான் முதற் காரணம்.

மார்கழியில் நத்தாருக்கான ஒளி விழாவும் வைப்பதென்றால் அது மண்டபத்துக்குள் அல்லது வகுப்பறைக்குள்தான். இந்த வாரமே அதிபரிடம் போய்ச் சந்தைத் திகதியையும் 14,200 ரூபா முற்பணத்தையும் எழுத்தில் உறுதி செய்துகொண்டு, பெற்றாருக்கான கடிதத்தை மூன்று வாரத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.