பியானோ ஆப்: காசு எதற்குக் கொடுக்கலாம்?

மகளுக்கு எட்டு வயது. கீபோர்டு வகுப்பில் சேர்த்திருக்கிறோம். வீட்டில் பழக போனில் இருக்கும் பியானோ ஆப் போதுமா, தனியாகக் கீபோர்டு வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, பாலக்கோடு

விரல் பழக ஆப் போதாது. ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். பியானோவில் ஒரு வெள்ளைக் கட்டையின் அகலம் சுமார் 23.5 மில்லிமீட்டர். ஏழு வெள்ளைக் கட்டை சேர்ந்த ஒரு ஸ்தாயி ஏறக்குறைய 16.5 சென்டிமீட்டர். உங்கள் போன் ஆறரை அங்குலம் என்றால், படுக்கை வாட்டில் அதன் திரை நீளம் 15 சென்டிமீட்டர்தான். ஒரு ஸ்தாயிகூட நிஜ அளவில் அடங்காது. ஆப்பில் இரண்டு ஸ்தாயி தெரிகிறது என்றால், ஒவ்வொரு கட்டையும் ஒரு சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடைவெளிக்குப் பழகிய விரல் வகுப்பில் கீபோர்டு முன் உட்கார்ந்ததும் தடுமாறும். பத்து அங்குல டேப்லெட்டிலும் ஒன்பது கட்டைதான் நிஜ அளவில் வரும்.

அளவைவிடப் பெரிய சிக்கல் கண்ணாடி. கட்டைக்கு விளிம்பு இல்லை, கறுப்புக் கட்டையின் மேடு இல்லை. விரல் தடவி இடம் கண்டுபிடிக்க முடியாததால் கண் திரையிலேயே இருக்கும்; நோட்டேஷனைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் வரவே வராது. விரலைச் சும்மா வைத்தாலும் ஒலிக்கும் என்பதால் குழந்தை கையைத் தூக்கிப் பிடித்தபடி வாசிக்கும், மணிக்கட்டு இறுகும். நிஜக் கட்டை சுமார் பத்து மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. விரலின் பலம் பழகுவது அந்த இறக்கத்தில்தான்.

ஸ்வரத்தின் பெயர் தெரிந்துகொள்ள, காதால் கேட்டுக் கண்டுபிடிக்க, தாளத்துக்கு மெட்ரோனோம் வைத்துக்கொள்ள ஆப் மிக நல்லது. அதற்கு இலவச ஆப்பே போதும்.

கீபோர்டு வாங்கும்போது 61 கட்டை, முழு அளவு, டச் ரெஸ்பான்ஸ் (அடிக்கும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறையும் வசதி) மூன்றையும் கேளுங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் மாடல்களில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம்: கேசியோ சி.டி.-எஸ்200-ல் டச் ரெஸ்பான்ஸ் கிடையாது, சி.டி.-எஸ்300-ல் உண்டு. யமஹா பி.எஸ்.ஆர்.-ஈ273-ல் கிடையாது, ஈ373-ல் உண்டு. கடையில் பியானோ டோனை வைத்து ஒரே கட்டையை மெதுவாகவும் ஓங்கியும் அடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சத்தம் என்றால், டச் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போட்ட பிறகும் அப்படியே என்றால் வேண்டாம். கட்டை சிறுத்த மினி கீபோர்டும் வேண்டாம். கிரேடு தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், எந்த வகைக் கருவி வேண்டும் என்பதை முதலில் ஆசிரியரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் தொட்ட பிறகு கொஞ்சம் தாமதித்துத்தான் ஒலி வருகிறது. ப்ளூடூத் இயர்பட்ஸ் மாட்டினால் இன்னும் மோசம். போனையே மாற்றணுமா?
– வாசகர், ஓசூர்

முதலில் ப்ளூடூத்தைக் கழற்றுங்கள். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுமுனையில் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு ஒலிப்பதால் சாதாரண ப்ளூடூத்தில் 100 முதல் 300 மில்லிவினாடி வரை பின்தங்கும். படம் பார்க்கும்போது இது தெரிவதில்லை, ஏனென்றால் காட்சியையும் அதே அளவு தாமதித்துக் காட்டிவிடுகிறார்கள். உங்கள் விரலை யாரும் தாமதிக்க முடியாது. ஒயர் இயர்போன் வாங்குங்கள். போனில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றி வேண்டும், அதில் டி.ஏ.சி. சில்லு (டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கான மின் அலையாக மாற்றுவது) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், சில்லு இல்லாதது பல போன்களில் ஒலிக்காது.

ஒயர் போட்ட பிறகும் தாமதம் இருந்தால் ஆப்பின் அமைப்புகளில் பஃபர் (ஒலிக்கும் முன் சேர்த்து வைக்கும் ஒலி மாதிரிகளின் அளவு) அல்லது லேட்டன்சி (தாமதம்) என்று இருக்கிறதா பாருங்கள். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில், பஃபர் 1024 என்றால் 21 மில்லிவினாடி, 256 என்றால் 5 மில்லிவினாடி சொச்சம். குறைத்துக்கொண்டே வாருங்கள். கரகரப்பு தொடங்கினால் ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள். பேட்டரி சேவர், டால்பி, ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணையுங்கள். ஒலியை மெருகேற்றும் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் பிடிக்கும். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-லிருந்து தாமதம் குறைந்த ஒலிவழி ஒன்று உண்டு, ஆனால் பழைய ஆப்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. அதனால் போனை மாற்றுவதற்கு முன் வேறு ஆப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

எவ்வளவு தாமதம் பரவாயில்லை? காற்றில் ஒலி 10 மில்லிவினாடியில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் போகும். அவ்வளவு தாமதம் கையை உறுத்தாது. 30-ஐத் தாண்டினால் வேகமான உருப்படிகளில் கை தடுமாறத் தொடங்கும். நகத்தால் திரையில் தட்டிப் பாருங்கள்: நகம் படும் சத்தமும் ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழுந்தால் அந்த ஆப் வாசிக்க ஆகாது.

இலவச ஆப் பொம்மை மாதிரி ஒலிக்கிறது. பணம் கட்டும் ஆப் உண்மையிலேயே நன்றாக இருக்குமா? வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?
– வாசகர், ஊத்தங்கரை

விலையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பெரும்பாலான ஆப்கள் நிஜப் பியானோவின் ஒலியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, நீங்கள் தொடும்போது அதைத் திரும்ப ஒலிக்கின்றன. நிஜப் பியானோவில் ஓங்கி அடித்தால் சத்தம் கூடுவதோடு, ஒலியின் நிறமும் கூர்மையாகிறது. அதைக் கொண்டுவர ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பல அடுக்குகளில் பதிய வேண்டும். சலமாண்டர் என்ற இலவசப் பதிவில் யமஹா சி5 பியானோவை 16 அடுக்குகளில் பதிந்திருக்கிறார்கள். மலிவான ஆப்பில் ஓர் அடுக்குதான் இருக்கும். அதிலும் நாலைந்து கட்டைக்கு ஒன்றைப் பதிந்து மற்றதை இழுத்துச் சமாளித்திருப்பார்கள்.

சோதனைக்கு ஹெட்போன் கட்டாயம். இடது கைப் பக்கம் நடு ஸ்தாயிக்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ‘சி’ 65 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அந்த அடித்தளம் வரவே வராது, ஆப் மேல் பழி போடக் கூடாது. அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்து எண்ணுங்கள். நிஜப் பியானோவில் தேய்ந்து தேய்ந்து பத்து நொடிக்கு மேலும் நிற்கும். நாலு நொடியில் அறுந்தாலோ, ஆர்கன்போல ஒரே மட்டத்தில் சுழன்றாலோ பதிவு மட்டம். அடுத்து, வெள்ளை, கறுப்பு எல்லாவற்றையும் வரிசையாக ஏறுங்கள். ஓரிடத்தில் குரல் மாறுவதுபோலத் தோன்றினால் அங்கே ஒரு பதிவு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. கடைசியாக சஸ்டெயினை (விரலை எடுத்தாலும் ஒலி நீடிக்கும் வசதி) போட்டுவிட்டு நிறைய ஸ்வரங்களை அள்ளி வாசியுங்கள். முதலில் வாசித்தது பட்டென்று மறைந்தால், ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்களின் எண்ணிக்கையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஆப்பின் அளவு 20, 30 எம்.பி.தான் என்றால் சந்தேகப்படலாம். பியானோடெக் என்ற ஆப் விதிவிலக்கு, அது பதிவை நம்பாமல் கம்பியின் அதிர்வைக் கணக்கிட்டே ஒலியை உண்டாக்குகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் எவ்வளவு ஓங்கித் தட்டினீர்கள் என்பது போன் திரைக்குத் தெரியாது. சில ஆப்கள் கட்டையின் மேல்பக்கம் தொட்டால் மெதுவாக, கீழ்ப்பக்கம் தொட்டால் ஓங்கி என்று வைத்திருக்கின்றன. ஐபேடில் ஆப்பிளின் இசை ஆப்பான கராஜ்பேண்ட் வந்தபோது, கருவி அதிர்வதை வைத்து ஊகித்தது. எல்லாம் தோராயம்தான். பதினாறு அடுக்குக்குக் காசு கொடுத்துவிட்டு வெறும் திரையில் வாசித்தால், அதில் பெரும்பகுதி வீண். கீபோர்டு ஒன்றை இணைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் விலை உயர்ந்த ஆப் வாங்குங்கள்.

எங்கள் சர்ச் கீபோர்டு பழையது. கட்டையெல்லாம் நன்றாக இருக்கிறது, பியானோ ஒலிதான் சரியில்லை. டேப்லெட்டை இணைத்து அதன் ஒலியை எடுக்க முடியுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

தாராளமாக முடியும். பியானோ ஆப்புக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது. கீபோர்டின் பின்புறம் பிரிண்டரில் இருப்பதுபோல் சதுரமான யூ.எஸ்.பி. துளை இருந்தால் பிரிண்டர் கேபிளும், அதை டேப்லெட்டில் செருக உதவும் ஓ.டி.ஜி. இணைப்பும் போதும். எந்தக் கட்டையை எவ்வளவு ஓங்கி அடித்தீர்கள் என்ற தகவலை அனுப்பும் முறைக்கு மிடி என்று பெயர்; ஆண்ட்ராய்டு 6 முதல் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஐந்து துளை வட்ட மிடி மட்டும் இருந்தால் யூ.எஸ்.பி.-மிடி இன்டர்ஃபேஸ் வேண்டும். மிக மலிவானதை வாங்காதீர்கள். வேகமாக வாசிக்கும்போது சில ஸ்வரங்கள் விடுபடும், சில நிற்காமல் கத்தும். லைட்னிங் துளை உள்ள ஐபேடுக்கு ஆப்பிளின் கேமரா அடாப்டர் தேவை.

கீபோர்டின் ஒலியளவைக் குறையுங்கள் அல்லது ‘லோக்கல் ஆஃப்’ செய்து அதன் சொந்த ஒலியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இரண்டு ஒலியும் சேர்ந்து வரும். சஸ்டெயின் பெடலைக் கீபோர்டிலேயே மாட்டலாம், அந்தத் தகவலும் மிடி வழியே போகும். கீபோர்டில் டச் ரெஸ்பான்ஸ் இல்லையென்றால் 1 முதல் 127 வரை போக வேண்டிய அழுத்த அளவு எப்போதும் ஒரே எண்ணாகப் போகும். எந்த ஆப்பும் அதைச் சரிசெய்ய முடியாது.

மிக்ஸருக்குப் போகும் ஒயரில் ‘உம்’ என்ற இரைச்சல் வந்தால், பெரும்பாலும் டேப்லெட் சார்ஜரால் வரும் எர்த் சிக்கல். முழுக்க சார்ஜ் ஏற்றி, ஆராதனை நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் டேப்லெட்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவே, எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டி.ஐ. பாக்ஸ் போடுங்கள். ஏரோப்ளேன் மோடை மறக்காதீர்கள். கேபிள் கழன்றால் உடனே மாற, கீபோர்டின் சொந்த ஒலியும் மிக்ஸரில் இன்னொரு சேனலில் தயாராக இருக்கட்டும்.

ஏழு நாள் இலவசம் என்று ஒரு கற்றல் ஆப்பைப் போட்டோம். பிடிக்காமல் அழித்துவிட்டோம். பிறகு ஒரு வருடக் கட்டணம் கணக்கிலிருந்து போய்விட்டது.
– வாசகி, அரூர்

ஆப்பை அழித்தால் சந்தா ரத்தாகாது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். பணம் போய் 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே திரும்பக் கேட்கலாம். அதற்கு மேல் ஆப் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். யு.பி.ஐ.யில் போயிருந்தால் உங்கள் யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே அனுமதியையும் நிறுத்துங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். குறுஞ்செய்தி, மின்னஞ்சல் இரண்டிலும் தேடுங்கள். வரவில்லை என்றால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

அப்படியும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. சந்தாப் பக்கம், வங்கிக் கணக்கு, நிறுவனத்தின் பதில் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சரியாக வாசித்தாலும் கற்றல் ஆப் ‘தப்பு’ என்கிறது. ஏன்?
– மாணவர், பென்னாகரம்

அது மைக் வழியாகக் கேட்கிறது. ஃபேனை நிறுத்துங்கள், போனைக் கீபோர்டு ஸ்பீக்கர் அருகே வையுங்கள், பின்னணித் தாளத்தை அணையுங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள். பாட்டுக்காகச் சுருதியை மாற்றி வைத்துவிட்டு மறந்தால் எல்லா ஸ்வரமும் தப்பாகத்தான் தெரியும். ஆப் மிடியை ஏற்குமானால் கேபிளில் இணைத்துவிடுங்கள். அதன்பின் மைக் வேண்டியதில்லை.