பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? பாலக்கோட்டுப் பக்கத்து அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா.

உங்கள் மகளின் பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்தேன். தமிழில் 93, அறிவியலில் 91, கணக்கில் மட்டும் 64. வீட்டில் மூன்று கட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்காரருக்கு டாக்டர் ஆசை, அதனால் ப்யூர் சயின்ஸ், அதாவது கணக்கு இல்லாத அறிவியல் குரூப் எடுக்கட்டும் என்கிறார். ஓசூரில் வேலை பார்க்கும் உங்கள் தம்பி, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால்தான் பிழைக்க முடியும் என்கிறார். பிள்ளை முதலில் நர்சிங் என்றாள், இப்போது கேட்டால் "எதுவானாலும் சரி" என்கிறாள். கடிதத்தின் கடைசியில், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஹாஸ்டலோடு சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

போகிற போக்கில் கேட்ட அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். சேர்க்காதீர்கள்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருடமே இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் கொடுத்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டிவிடுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் காலேஜ் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் வருவதும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பள்ளியைப் பார்த்துத்தான்.

ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, கடைசி இரண்டு வருடத்தைக் கடன் வாங்கி பீஸ் கட்டித் தனியாரில் படித்தால் இந்த 7.5 மொத்தமாகப் போய்விடும். தனியாரில் மார்க் கூடுதலாக வரலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மார்க்கை வைத்துக்கொண்டு மாநிலம் முழுக்கக் கோச்சிங் போய் வந்த பிள்ளைகளோடு மோத வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும் நடக்கும் போட்டியை விட்டுவிட்டு அங்கே ஏன் போக வேண்டும்? நம் மாவட்டத்தில் வருடா வருடம் ஜூன் மாதம் நடக்கிற இந்தத் தவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம். கையில் காசு இருப்பவர்கள்கூடப் பரவாயில்லை. தக்காளி விற்ற காசை எடுத்துக்கொண்டு போய்க் கட்டுகிறார்கள்.

சரி, குரூப்புக்கு வருவோம். டாக்டரா, நர்ஸா, கம்ப்யூட்டரா என்பதைப் பதினைந்து வயதில் முடிவு செய்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இப்போது முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: கணக்குப் பாடம் தொடருமா, இத்தோடு நிற்குமா? கணக்கை விட்டுவிட்டால் பிறகு இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர், விமானப்படை, கடற்படை அதிகாரி ஆவதற்கான என்.டி.ஏ. தேர்வு எல்லாம் கிடையாது. உயிரியலை விட்டால் நர்சிங், மருத்துவம், கால்நடை மருத்துவம் கிடையாது. இரண்டும் சேர்ந்து இருப்பது கணக்கு-உயிரியல் குரூப், நம் ஊரில் பயோ மேத்ஸ் என்பது. உங்கள் மகளுக்கு நான் முதலில் யோசிப்பது அதைத்தான்.

உங்கள் தம்பி சொல்வதில் ஒரு விஷயத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர, பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்கவே தேவையில்லை. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு. அதில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கம்ப்யூட்டர் மார்க்கும் சேராது, உயிரியல் மார்க்கும் சேராது. பயோ மேத்ஸ் படித்த பிள்ளை பிறகு மனம் மாறினால் செட்டிக்கரை அரசு இன்ஜினியரிங் காலேஜுக்கோ பர்கூர் காலேஜுக்கோ கவுன்சலிங்கில் போகலாம். கம்ப்யூட்டர் குரூப் எடுத்த பிள்ளை பிளஸ் டூவில் மனம் மாறி நர்சிங் என்றால் முடியாது.

வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்: நீட் எழுத ப்யூர் சயின்ஸ்தான் வேண்டும் என்பதில்லை, பயோ மேத்ஸ் போதும். நீட்டில் 720-க்கு 360 மார்க் உயிரியலுக்கு, மீதி இயற்பியலும் வேதியியலும். பி.எஸ்சி. நர்சிங்குக்குத் தமிழ்நாட்டில் நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் கவுன்சலிங்.

ஆனால் அந்த 64 இருக்கிறதே, அதைப் பார்க்காமல் பயோ மேத்ஸ் போடக் கூடாது. நான்கு பாடமும் கனம். 64 என்ற எண்ணை வைத்து எனக்கு ஒன்றும் தெரியாது, எங்கே மார்க் போனது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். முக்கோணவியலிலும் இயற்கணிதத்திலும் போயிருந்தால் யோசிக்க வேண்டும், பிளஸ் ஒன் கணக்கு அதன் மேலேதான் ஏறி நிற்கிறது. அவசரத்தில் கூட்டல் பிழை, வரைபடத்தைப் பாதியில் விட்டது என்றால் பயமில்லை.

ஒரு வேலை செய்யுங்கள். தெருவில் பிளஸ் ஒன் முடித்த பிள்ளை யாரிடமாவது கணக்குப் புத்தகத்தின் முதல் தொகுதியை வாங்குங்கள். அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல் என்று பாடங்கள் இருக்கும். எடுத்துக்காட்டுக் கணக்குகளைத் தீர்வை மூடி வைத்துக்கொண்டு, ட்யூஷன் இல்லாமல், ஒரு வாரம் அவளே போடட்டும். தப்பாக வந்தாலும் மறுநாள் திரும்ப உட்காருகிறாளா என்று மட்டும் பாருங்கள். உட்கார்ந்தால் பயோ மேத்ஸ். புத்தகத்தைப் பார்த்தாலே தலைவலி வருகிறதென்றால் தயங்காமல் ப்யூர் சயின்ஸ் போடுங்கள், 91 வாங்கிய பிள்ளை அதில் நன்றாக வருவாள். நர்சிங், கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. அக்ரி எல்லாம் அதிலும் உண்டு. எது எடுத்தாலும், பிளஸ் ஒன் மார்க் காலேஜ் சேர்க்கைக்கு வராது என்று அந்த வருடத்தைத் தூங்கவிடாதீர்கள். நீட், ஐ.ஐ.டி. போன்றவற்றுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு இரண்டிலும் பிளஸ் ஒன் பாடமும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

நர்சிங் பற்றி அவள் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "எதுவானாலும் சரி" என்பது வீட்டுச் சண்டையைக் கேட்டு அலுத்துப்போன பேச்சு மாதிரி இருக்கிறது. பாலக்கோடு ஜி.எச்.சில் தெரிந்த நர்ஸ் யாராவது இருந்தால் நைட் டியூட்டி பற்றி, வார்டு வேலை பற்றி அவளே நேரில் கேட்கட்டும். நீங்கள் கூடப் போகாதீர்கள்.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே சொல்கிறேன். பி.எஸ்சி. தோட்டக்கலை என்று ஒரு படிப்பு இருக்கிறது. படிக்க வைப்பதே தக்காளிக் காட்டை விட்டு வெளியே வரத்தான் என்பீர்கள். ஆனால் தோட்டக்கலைத் துறை வேலை, விதைக் கம்பெனி வேலை என்று போகிறவர்களுக்கு மண்டி விலையைப் பார்த்து வயிறு கலங்க வேண்டியதில்லை.

ஓசூர் கம்பெனி வேலை எங்கும் ஓடிவிடாது. செல்போன் பாகம் செய்யும் இடங்களில் பிளஸ் டூ முடித்த பெண்களை எடுக்கும்போது குரூப்பைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. அந்த வேலைக்காக இப்போதே குரூப் தேர்ந்தெடுப்பது வீண். லைனில் நிற்காமல் மெஷினைப் பராமரிக்கிற வேலை வேண்டும் என்றால் பத்தாம் வகுப்பு முடித்து மூன்று வருட டிப்ளமோ, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வது என்று தனி வழி இருக்கிறது. உங்கள் மகளுக்கு அதில் நாட்டம் இருப்பதாகக் கடிதத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அப்ளிகேஷன் போடுமுன் பள்ளிக்குப் போய் ஹெட்மாஸ்டரிடம் ஒன்று கேளுங்கள்: பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குக் கணக்கிலும் இயற்பியலிலும் பி.ஜி. ஆசிரியர் இருக்கிறாரா, அந்த இடம் காலியாகக் கிடக்கிறதா? காலியென்றால் அங்கே பயோ மேத்ஸ் எடுத்துப் பிள்ளை தனியாகத் திண்டாடுவாள். அப்போது பாலக்கோட்டிலோ தர்மபுரியிலோ ஆசிரியர் இருக்கிற வேறு அரசு மேல்நிலைப் பள்ளியைப் பாருங்கள். அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறினால் 7.5 எங்கும் போகாது, டவுன் பஸ்ஸுக்குப் பாஸும் இலவசம்தான்.