கணக்குக்குப் பயந்த உயிரியல்

அன்புள்ள ஐயா,
திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். விலங்கியலில் பட்டம் முடித்து ஒரு வருடமாகிறது. ஆசிரியர் நியமனம் வரும்வரை பொறு என்கிறார்கள் வீட்டில். தோழிகள் வெளிநாடு போகிறார்கள். கணக்குக்குப் பயந்துதான் உயர்தரத்தில் பயோ எடுத்தேன். இப்போது என்ன கோர்ஸ் படித்தால் வேலை கிடைக்கும்?
ஒரு வாசகி

அன்பு மகளுக்கு,

ஆய்வுகூடம், மீன் பதனிடும் இடங்களில் தரக் கட்டுப்பாடு, பள்ளிக்கூடம் என்று வழிகளை யாரும் சொல்வார்கள். வெளிநாடு உங்கள் வீட்டு விஷயம். நான் எழுத உட்கார்ந்தது அந்த ஒரு வரிக்காக. கணக்குக்குப் பயந்தேன் என்று கூசாமல் சொல்லும் உயிரியல் பட்டதாரிகளைப் பார்த்துக் கொஞ்ச காலமாகவே கோபத்தில் இருக்கிறேன்.

மரபு விதிகளைக் கண்ட மெண்டலை எத்தனை பரீட்சையில் எழுதினீர்கள்! அவருக்கு முன்பும் பட்டாணியைக் கலந்து பார்த்தவர்கள் உண்டு. மறைந்த குணம் அடுத்த தலைமுறையில் திரும்புவதையும் கண்டார்கள். மெண்டல்தான் எண்ணினார். உருண்டை விதை 5,474, சுருங்கியது 1,850. வகுத்துப் பாருங்கள், 2.96. வியன்னாவில் பௌதிகமும் கணிதமும் படித்த கண்ணுக்கு அதில் ஒரு விதி தெரிந்தது. 1866இல் அச்சேறியது. நீங்கள் மனப்பாடம் செய்த 3:1 அப்படி வந்தது.

என் பெரிய மாமா நிலாவெளியில் ஒரு கரைவலை வாடியில் கணக்கெழுதினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். என்ன காற்று, ஒருமுறை வலை இழுத்தால் எத்தனை கூடை நெத்தலி, எத்தனை கூடை கீரிமீன், எல்லாம் கொப்பியில் இருக்கும். "மீன் குறைஞ்சு போச்சு" என்று கரையே புலம்பும்போது கொப்பியைப் புரட்டி, "மீனில பிழை இல்ல, போன மாசம் வலை போட்ட நாள்தான் குறைவு" என்பார். மீன்வள ஆய்வாளர்கள் முயற்சிக்கு இத்தனை பிடிபாடு என்று கணிப்பது இதைத்தான். பட்டம் பெற்ற உங்களிடம் அந்தப் பழக்கம் இல்லையே என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே பவளப்பாறை தேய்கிறதா தேறுகிறதா என்று சொல்ல, நாடா விரித்து அளந்த எண்கள் வேண்டும். அவற்றில் எது தற்செயல், எது உண்மையான மாற்றம் என்று பிரிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கும் மருந்துப் பரிசோதனைக்கும் தேவைப்படுவது அதே ஆள்தான். புள்ளிவிபரவியல் படியுங்கள். அந்தக் கணக்குக்கு 'ஆர்' மென்பொருள் இலவசம், வரைபடத்துக்கு 'கியூஜிஐஎஸ்' இலவசம். காசில்லை என்ற சாக்கு வேண்டாம்.

பட்டப்படிப்பு ஆய்வுக்குச் சேர்த்த தரவு இன்னும் கையில் இருக்கும். யாரோ கணக்குப் போட்டுத் தந்திருப்பார்கள். இம்முறை நீங்களே போட்டு எனக்கு அனுப்புங்கள் மகள். பிழையாக வந்தாலும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.