கோத்தகிரிக் குளிரில் குழந்தைகளோடு தோட்டம்: எதை விதைப்பது, எதைத் தொடவிடக் கூடாது?

கேள்வி: மதுரையிலிருந்து இந்த வருஷம்தான் கோத்தகிரிக்கு மாறி வந்தோம். வீட்டுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் கொஞ்சம் இடம் இருக்கிறது. மகனுக்கு 6 வயது, மகளுக்கு 3. மதுரை மாடியில் போட்ட மாதிரியே தண்டுக்கீரை, வெண்டை, கொத்தவரை விதைத்தோம். கீரை அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது, வெண்டை விரல் உயரத்தோடு நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கும் ஆசை விட்டுப்போச்சு. ஆகஸ்ட் பிறக்கப் போகிறது. இப்போது எதைப் போட்டால் அவர்கள் கூடவே நிற்பார்கள்? காட்டெருமையும் கரடியும் வரும் ஊர் என்கிறார்கள், அந்தப் பயமும் இருக்கிறது.

பதில்: உங்கள் கையில் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் விதைத்த மூன்றுமே வெயிலை நம்பி வளரும் பயிர்கள். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அங்கே இரவுக் குளிரில் மண் சில்லிட்டுப் போய்விடும், வெண்டை விதை அதிலேயே சுணங்கிவிடும். மலையில் எல்லா விதையுமே கீழ்நாட்டை விட மெதுவாகத்தான் முளைக்கும். விதைப் பாக்கெட்டில் ஐந்து நாள் என்று போட்டிருந்தால் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கான தோட்டத்தில் நான் முதலில் பார்ப்பது மண்ணையோ உரத்தையோ அல்ல, பிள்ளையின் பொறுமை எவ்வளவு என்பதைத்தான். மூன்று வயதுக்காரிக்கு ஒரு வாரம், பத்து நாளில் கண்ணுக்கு ஏதாவது தெரிய வேண்டும். ஆறு வயதுக்காரன் இடையிடையே வேலை இருந்தால் இரண்டு மாதம்கூடக் காத்திருப்பான். அதனால் இருவருக்கும் ஒரே பாத்தி வேண்டாம். இரண்டடி அகலத்தில் ஆளுக்கொரு சின்னப் பாத்தி போடுங்கள். குழந்தை உள்ளே மிதிக்காமலே கை எட்டும். படிக்கட்டு நிலமாக இருந்தால் தடுப்புச் சுவரின் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள்.

சின்னவளுக்கு என் முதல் தேர்வு பட்டாணி. மளிகைக் கடையில் விற்கும் சாயம் போடாத முழுக் காய்ந்த பட்டாணியே போதும் (வறுத்ததை வாங்கிவிடாதீர்கள், அது சாயங்காலக் காபிக்கு). ராத்திரி ஊறவைத்து, காலையில் அவள் விரலாலேயே ஓர் அங்குலக் குழி போட்டு ஊன்றச் சொல்லுங்கள். பத்து நாளுக்குள் தலை காட்டும். குச்சி நட்டு ஏற்றிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் செடியிலிருந்தே உரித்துத் தின்னலாம். காய்கறி என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளையும் இதைத் தின்னும்.

ஆனால் காய்ந்த பட்டாணியையும் பீன்ஸ் விதையையும் இந்த வயதுப் பிள்ளைகள் மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்வார்கள். ஈரம் பட்டால் அது உள்ளேயே ஊதிவிடும். தண்ணீர் ஊற்றியோ ஊக்கை விட்டோ எடுக்கப் பார்க்காதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள். விதையை எண்ணிக் கொடுங்கள், மிச்சத்தை எண்ணி வாங்குங்கள். கடையில் ரோஸ், நீல நிறம் பூசி வரும் விதைகளில் பூஞ்சைக்கொல்லி இருக்கும், அவற்றைப் பிள்ளை கையில் கொடுக்கவே வேண்டாம். பூவுக்காக வளர்க்கும் ஸ்வீட் பீ விதையும் பட்டாணி மாதிரியே இருக்கும், ஆனால் அது விஷம்.

அதே பாத்தியில் ஒரு ஓரமாகப் பூண்டுப் பல் ஊன்றலாம். கூர்ப்பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் பாடம். முளைத்து வரும் பச்சைத் தாளைக் கிள்ளித் தோசை மாவில் போடலாம். முழுப் பூண்டுக்கு நாலு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதை அவளிடம் சொல்லாமலே விட்டுவிடுங்கள்.

மகனுக்கு முள்ளங்கியும் கேரட்டும். மலையில் இருந்துகொண்டு கேரட் போடாவிட்டால் பிள்ளை விடமாட்டான். ஆனால் கேரட் விதை தூசி மாதிரி இருக்கும், முளைக்கவே இரண்டு மூன்று வாரம் எடுக்கும், பறிக்க நூறு நாளுக்கு மேல் ஆகும். அதனால் ஒரே வரியில் இரண்டையும் கலந்து தூவச் சொல்லுங்கள். முள்ளங்கி முந்தி முளைத்து வரி எது என்று காட்டும், ஒன்றரை மாதத்தில் பிடுங்கியும் விடலாம். அது போன இடத்தில் கேரட் பருக்கும். நெருக்கமாக வந்த நாற்றைக் களைந்து எடுக்கும் வேலையை அவனிடமே விடுங்கள். பாதியைக் காலி செய்துவிடுவான், பரவாயில்லை.

உருளைக்கிழங்கு தோண்டுவதில் இருக்கும் குதூகலம் வேறு எதிலும் இல்லை. ஒரு சாக்கில் மண்ணும் மக்கிய எருவும் போட்டு இரண்டு கிழங்கு வைத்தால் போதும். தொடர்மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இலை கருகும் நோய் சீக்கிரம் வந்துவிடும் என்பதால் அதை மட்டும் ஜனவரிக்குத் தள்ளிப்போடச் சொல்வேன். பச்சை படிந்த கிழங்கும், செடியில் காய்க்கும் சின்னத் தக்காளி போன்ற காயும் விஷம். இதை மகனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல்–மே விதைப்பைக் கார்போகம், ஆகஸ்ட்–செப்டம்பரில் போடுவதைக் கடைப்போகம், ஜனவரி–பிப்ரவரியில் தண்ணீர் பாய்ச்சிச் செய்வதை நீர்போகம் என்று நீலகிரி விவசாயிகள் சொல்வார்கள். நீங்கள் கேட்டிருப்பது கடைப்போக நேரத்தில், அதாவது நல்ல நேரத்தில். ஆனால் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலம். அக்டோபர், நவம்பரில் கொட்டும்போது சின்ன விதை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் செப்டம்பர் பாதிக்குள் விதைப்பை முடித்துவிடுங்கள்.

தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் பட்டாணிக்கும் கேரட்டுக்கும் ஆகாது. விதைக்க இரண்டு மூன்று வாரம் முன்பே உரக்கடையில் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் பொடி வாங்கிக் கலந்துவிடுங்கள், சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில். இது பெரியவர் வேலை. வெள்ளையடிக்கும் சுட்ட சுண்ணாம்பைக் குழந்தைகள் இருக்கும் தோட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சாணம் குளிரில் மெதுவாகத்தான் மக்கும். நாற்றம் போய் மண்ணாக உதிர்கிற எருவை மட்டும் போடுங்கள். பச்சைச் சாணம் போட்ட மண்ணில் பிடுங்கிய முள்ளங்கியைப் பிள்ளை அப்படியே கடித்தால் வயிற்றுப்போக்குதான்.

தேயிலையை ஒட்டிய இடம் என்பதால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும்படி அந்தத் தோட்டத்துக்காரரிடம் கேட்டுவையுங்கள். அன்றும் அடுத்த சில நாளும் பிள்ளைகள் அந்தப் பக்கம் போக வேண்டாம். மேட்டிலிருந்து மழைநீர் உங்கள் பாத்திக்குள் இறங்காதபடி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள்.

விலங்குகளைப் பற்றிய பயம் நியாயமானதுதான், ஆனால் நேரத்தை வைத்தே பெரும்பாலும் சமாளிக்கலாம். பனிமூட்டம் விலகியபின் காலை ஒன்பதுக்கு மேல் தொடங்கி, சாயங்காலம் நாலுக்குள் உள்ளே வந்துவிடுங்கள். மூடுபனி இறங்கினால் நடுப்பகலானாலும் வேலையை நிறுத்துங்கள். முதலில் நீங்கள் போய்ச் சுற்றிப் பார்த்து, கொஞ்சம் சத்தம் கொடுத்துவிட்டு அப்புறம் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். காட்டெருமை நின்றால் விரட்டாதீர்கள், கதவைச் சாத்திக்கொண்டு அது போகும்வரை இருங்கள். பழத்தோல், மீந்த சோறு எதுவும் திறந்த உரக்குழியில் வேண்டாம். கரடியையும் குரங்கையும் காட்டுப்பன்றியையும் அதுதான் கூட்டிவரும்.

விலங்கை விட எனக்குக் கவலை தருவது செடிகள்தான். மணி மாதிரித் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தைப்பூ மலையில் ஓடையோரமெல்லாம் நிற்கும். அதன் எல்லாப் பாகமும் விஷம். அரளி, உண்ணிச்செடியின் பச்சைக் காய், ஈரத்தில் வளரும் வெள்ளைக் கால்லா லில்லி, பங்களாத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய ஃபாக்ஸ்குளோவ் எல்லாமே அப்படித்தான். பாத்தி போடும் முன் இடத்தை ஒரு சுற்று பார்த்து, கையுறை போட்டு இவற்றைப் பிடுங்கிவிடுங்கள். பிள்ளை எதையாவது மென்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்து, அந்தச் செடியின் ஒரு கிளையோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூடிய செருப்பும் முழுக்கால் சட்டையும் கட்டாயம். மழையில் அட்டை ஏறும், அது பெரிய விஷயமில்லை. புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல்தான் கவனிக்க வேண்டியது. தோட்ட வேலை முடிந்ததும் உடை மாற்றிக் குளிப்பாட்டி, அக்குள், இடுப்பு, காது மடல் பின்புறம் எல்லாம் பாருங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், உடம்பில் கருப்புப் பொருக்குப் புண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தோட்டத்தில் விளையாடியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மண்ணில் காயம் பட்டால் வரும் டெட்டனஸையும் தடுக்கும், மகனுக்கு 5–6 வயதில் போட வேண்டிய டிபிடி பூஸ்டர் ஊசி போட்டாச்சா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொம்மை மண்வெட்டி வாங்காதீர்கள், ஈர மண்ணில் இரண்டே நாளில் உடையும். பழைய குழிக்கரண்டி ஒன்று போதும். தண்ணீருக்கு ஒரு டம்ளர் மட்டும் கொடுங்கள். குடத்தைக் கொடுத்தால் மலைக் குளிரில் விதை அழுகும்வரை ஊற்றுவார்கள்.