இரண்டு கடல், மூன்று பேர், நான்கு நாள்

கேள்வி: நானும் கணவரும் என் கல்லூரித் தோழியும் சேர்ந்து ஒரு தீவுக்குப் போய்க் கடற்கரையில் நான்கு நாள் இருந்துவிட்டு வர ஆசைப்படுகிறோம். மாலத்தீவுக்குப் போகக் கையில் பணம் இல்லை. ராமேஸ்வரம் பக்கம் சரிவருமா? மே மாதம்தான் விடுமுறை கிடைக்கும். மூவருக்கும் நீச்சல் அரைகுறைதான். தோழியோ, "உங்கள் இருவருக்கும் நடுவில் நான் எதற்கு?" என்று தயங்குகிறாள். — ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: சரிவரும். மாலத்தீவை மட்டும் மறந்துவிட்டு வாருங்கள். ராமேஸ்வரம் தீவுதான், ஆனால் கோயில் தீவு, மீனவர் தீவு. மணலில் சாய்வு நாற்காலியும் கையில் குளிர்பானமுமாகக் கிடக்கும் இடம் இதுவல்ல. கோயிலுக்கு எதிரே உள்ள அக்னி தீர்த்தக் கடற்கரையில் ஒருவர் தன் தகப்பனுக்குத் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பக்கத்தில் நீச்சலுடையில் நின்று படம் எடுப்பது அழகாக இருக்காது. அங்கே சுடிதாரோடு இறங்கிக் குளித்துவிட்டு வந்துவிடுங்கள். விளையாட்டுக்கு வேறு கரைகள் இருக்கின்றன.

எந்தக் கரை என்பதைக் காற்று சொல்லும். இங்கே இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம், ஆழம் குறைந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். பெயரை நம்பி ஏமாற வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்று வீசும்போது இந்தப் பெண் கடல்தான் கொந்தளிக்கும். தெற்குப் பக்கம் ஓரளவு அடங்கிக் கிடக்கும். மே பிறந்து தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்துவிட்டால் நிலைமை தலைகீழ். தெற்கே அலை அடிக்கும், வடக்கே குளம் போலக் கிடக்கும். இருபது ஆண்டுகளாகப் பயணிகளை இங்கே கூட்டிக்கொண்டு அலைகிறேன். "எந்த ஓட்டல் நல்லது?" என்று கேட்காதவர் இல்லை, "இந்த மாதம் என்ன காற்று?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மே மாதத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை இரண்டு கடலும் ஏறக்குறைய சாது. வெயிலும் தாங்கும்படி இருக்கும். கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் பூநாரைகளையும் பார்க்கலாம். மே என்றால் வெயில், பள்ளி விடுமுறைக் கூட்டம், போதாக்குறைக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலைதான் கூடுதல். மாற்றவே முடியாது என்றால், உங்கள் கடல் வடக்குக் கடல். தெற்கே கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

வடக்கில் இரண்டு இடம் சொல்கிறேன். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் கடற்கரை: சவுக்குத் தோப்பு நிழல், வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவைத் தாண்டாத நீர். அரைகுறை நீச்சலுக்கு இதைவிடப் பொருத்தமான கரை இந்த மாவட்டத்தில் இல்லை. ரப்பர் செருப்போடு இறங்குங்கள், காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு இழுத்தபடி நடங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் அதிர்வில் விலகிப் போய்விடும். மிதித்தால் முள்ளால் குத்திவிடும். கண்ணாடிப் பை போல சொறிமீன் மிதந்து வந்தால், செத்ததாக இருந்தாலும் தொட வேண்டாம்.

அடுத்தது பிரப்பன்வலசை. அங்கே துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும், கற்றும் கொடுப்பார்கள். உங்கள் தோழியின் தயக்கத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டிய இடமும் இதுதான்.

நான் பலமுறை பார்த்த காட்சி ஒன்று. இரட்டை இருக்கைப் படகில் கணவனும் மனைவியும் ஏறிக்கொள்வார்கள். மூன்றாமவர் கரையில் நிற்பார். ஒரு கையில் மூன்று கைப்பேசி, மறு கையில் இரண்டு ஜோடிச் செருப்பு, தோளில் ஈரத்துண்டு. படகு திரும்பும்போது படம் எடுக்க வேண்டியவரும் அவர்தான். "நீயும் ஒரு சுற்று போய் வாயேன்" என்று கடைசியில் சொல்வார்கள். அதற்குள் வெயில் ஏறியிருக்கும், அவருக்கு மனமும் போயிருக்கும். சண்டை வராது. ஆனால் அடுத்த பயணத்துக்கு அவர் வரமாட்டார்.

ஆகவே முதல் சுற்றில் நீங்களும் தோழியும் ஏறுங்கள், செருப்புக் காவலுக்குக் கணவர் நிற்கட்டும். இரண்டாவது சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நான்கு நாளில் ஒரு மாலைப்பொழுது தம்பதிக்கு மட்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள், அதே கணக்கில் ஒரு காலைப்பொழுது தோழிக்குத் தனியாக. கோயிலின் 22 தீர்த்தங்களிலும் தலையில் வாளி வாளியாக நீர் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்டப் பிராகாரம் சுற்றத் தனியாகப் போனவர்கள் முகம் மலர்ந்து திரும்பியதைத்தான் பார்த்திருக்கிறேன். அறை இரண்டாக எடுங்கள். யாத்திரை ஊர் என்பதால் மூவர் அறை எளிதில் கிடைக்கும், பணமும் மிச்சமாகும். என்றாலும் அந்த மிச்சம் வேண்டாம். அறைச் செலவை இரண்டாகப் பிரிக்காமல் மொத்தச் செலவை மூன்றாகப் பிரித்தால் தோழிக்குத் தனியறை சுமையாகாது. மூவரும் அடையாள அட்டை எடுத்துச் செல்ல வேண்டும்.

இனி தீவு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986 முதல் அவை கடல்சார் தேசியப் பூங்கா. யாராவது கரையில் வந்து, "ஆளில்லாத தீவுக்கு என் படகில் கூட்டிப் போகிறேன்" என்றால் மறுத்துவிடுங்கள், அது குற்றம். முறையாகப் போகக்கூடியது குருசடைத் தீவு. பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து வனத்துறை படகு விடுகிறது. கடல் சரியில்லாத நாளில் படகு கிடையாது, அதனால் மே மாதத்தில் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். படகு இல்லாவிட்டாலும் குந்துகால் வீண் போகாது: 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை அது, நினைவு மண்டபம் இருக்கிறது. மாற்றாகத் தொண்டி சாலையில் காரங்காடு போகலாம். அலையாத்திக் காட்டுக்கு நடுவே வனத்துறைப் படகில் போகும்போது வேர்களின் இடையே நண்டு ஓடுவது தெரியும். மூவரும் ஒரே படகில் உட்காரலாம் என்பது உபரி லாபம்.

தனுஷ்கோடிக்கு விடியற்காலையில் போங்கள். அரிச்சல்முனையில் இரு கடலும் சேரும் இடம் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் குளிக்கும் இடமல்ல. கரையிலேயே ஆழம் இறங்கும், நீரோட்டம் இழுக்கும். முழங்கால் நனைந்தால் போதும் என்று கணவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஆண்கள்தான் அங்கே துணிச்சல் காட்டுவார்கள். 1964 டிசம்பர் புயலில் பயணிகளோடு ஒரு ரயிலையே விழுங்கிய கடல் அது. இடிந்த தேவாலயச் சுவரில் ஏறி நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். பக்கத்துக் குடிசைக் கடையில் பொரித்த மீன் சாப்பிடுங்கள், விலையை முதலில் கேட்டுவிட்டு. குடிநீர் கையோடு இருக்கட்டும்.

பவளத்துண்டு, கடல்குதிரை யார் விற்றாலும் வாங்க வேண்டாம், கரையில் கிடந்தாலும் எடுக்க வேண்டாம். வனவுயிர்ச் சட்டம் பாயும். ஊருக்கு எடுத்துப் போக வேண்டுமானால் கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பு இருக்கிறது, முண்டு மிளகாய் இருக்கிறது, கருப்பட்டி இருக்கிறது.

அறை பதிவு செய்வதற்கு முன் காலண்டரில் அமாவாசை எந்தத் தேதி என்று பாருங்கள். தை அமாவாசையன்று வந்து சேர்ந்தால் இரண்டு அறை என்ன, ஒரு திண்ணை கிடைப்பதே கடினம்.